பிக்கப் வண்டியின் முன்பக்கம் உதறுகிறதா? எப்போது உதறுகிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்டியரிங் உதறுகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் நேராகப் போவது வீல் பேலன்சிங்குக்குத்தான். அதில் சரியாகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால் அலைன்மென்ட், அப்புறம் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைக்கும் பந்து மூட்டு), அப்புறம் ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். பணம் கரைகிறது, உதறல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், உதறல் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பிடித்துவிடுங்கள். பிக்கப்பில் இது இன்னும் முக்கியம். சேசிஸ் எனும் அடிச்சட்டம் தனி, கேபின் தனி என்பதால் பின்னால் பிறக்கும் அதிர்வுகூட சேசிஸ் வழியாக வந்து முன்னால் இருப்பதுபோலக் காட்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

வண்டி ஆறியிருக்கும்போது நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதை அடிக்காதீர்கள். பாரம் ஏற்ற அடித்த காற்றோடு காலி வண்டியை ஓட்டினாலே சிலநேரம் முழு வண்டியும் குதிக்கும். அடுத்து, எல்லாச் சக்கர நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். டயரின் இரண்டு பக்கச் சுவரிலும் பட்டன் பகுதியிலும் (சாலையைத் தொடும் பகுதி) புடைப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். நட்டு லூசாக இருந்தாலோ, புடைப்பு தென்பட்டாலோ சோதனை ஓட்டமே வேண்டாம். அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சோதனை ஓட்டத்துக்கு நேரான, காலியான, சமதளச் சாலை தேவை. உதறல் வரும் வேகத்துக்குக் கொண்டுபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிறகு நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக உருளவிடுங்கள். சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் பூஸ்டர் போகும், ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் உதறல் அதே வேகத்தில் அப்படியே இருந்தால் எஞ்சினையும் கிளட்சையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மீதி இருப்பவை டயர், ரிம், ஹப் (சக்கரம் மாட்டும் மையப்பகுதி), பிரேக் டிஸ்க், புரொப்பல்லர் ஷாஃப்ட் (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) போன்ற, சாலையோடு சேர்ந்து சுற்றும் பாகங்கள். காலை எடுத்ததும் உதறல் காணாமல் போனால், பாரம் ஏறும்போது முறுக்கப்படும் பாகங்கள் பக்கம் போக வேண்டும்.

உதறலின் தாளத்தையும் கவனியுங்கள். 31 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். இதை உங்கள் கை தனித்தனி உதறலாகவே உணரும். அதே வேகத்தில், டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.73 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறைக்கு மேல் சுற்றும். அது உதறலாகத் தெரியாது, தரையிலும் சீட்டிலும் 'ர்ர்ர்' என்ற இரைச்சலாகத்தான் தெரியும். ஆக, ஸ்டியரிங் இடமும் வலமும் துள்ளினால் முன்சக்கரங்கள். கால் வைத்த இடம் கூசினால் ஷாஃப்ட், எஞ்சின் பக்கம். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே தேவையில்லாமல் வாங்கும் பாகங்கள் பாதியாகக் குறையும்.

80 முதல் 110 கி.மீ. வரை ஸ்டியரிங் உதறுகிறது, அதற்கு மேல் குறைகிறது

மிக அதிகமாக வரும் புகார் இது. நியூட்ரலிலும் மாறாமல் இருந்தால் பத்தில் எட்டுமுறை டயரிலும் ரிம்மிலும்தான் விடை இருக்கும் என்பது என் கணிப்பு.

முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். மண் சாலையில் ஓடும் பிக்கப்பில் உள்விளிம்பில் சேறு காய்ந்து ஒட்டியிருப்பது சகஜம். கையளவு சேறே பேலன்சைக் கெடுக்கப் போதும். கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதே நேரத்தில் பேலன்சுக்காக ரிம்மில் பொருத்திய எடை விழுந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். அலாய் ரிம்மில் ஒட்டும் எடை விழுந்திருந்தால், அந்த இடத்தில் நீள்சதுரமாகப் பசையின் தடம் இருக்கும், சுற்றிலும் பிரேக் தூசி படிந்திருக்க அது மட்டும் தனியாகத் தெரியும். இரும்பு ரிம்மில் கொக்கி எடை இருந்த விளிம்பில் ஒரு கீறல் தெரியும். தடம் கிடைத்துவிட்டால் காரணமும் கிடைத்த மாதிரிதான்.

பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி என்றால், தரையில் அழுந்தியிருந்த பகுதி தட்டையாகி, புறப்பட்டதும் உதறும். டயர் சூடாக சூடாக இது குறைந்து, இருபது நிமிட ஓட்டத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் தட்டை நிரந்தரமாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து உள்ளங்கையை டயரின் பட்டன்மேல் வைத்து, ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பாருங்கள். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கிறது, அல்லது பேலன்ஸ் இல்லாமல் நெடுநாள் ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பம் போலவும் இருந்தால் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறு. இப்படித் தேய்ந்த டயரை என்ன பேலன்ஸ் செய்தாலும் உதறல் முழுசாகப் போகாது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு டயரையும் மாற்ற வேண்டியதுதான்.

எதுவும் கண்ணில் படவில்லையா? முன் இரண்டு சக்கரங்களையும் பின்னாலும், பின்னால் இருப்பவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நான்கும் ஒரே அளவாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சுற்றும் திசை குறித்த டயரானால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின் மாற்றுங்கள். உதறல் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்கு வந்துவிட்டால் குற்றவாளி அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்று. ஸ்டியரிங்கிலேயே நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹப், பேரிங், டிஸ்க், ஜாயிண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

சந்தேகச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஒரு செங்கல்லின்மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்து, அதன் நுனி பட்டனைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், உயர்ந்த இடத்தில் மட்டும் கோடு விழும். பிறகு ரிம் விளிம்பிலும் அதையே செய்யுங்கள். டயல் கேஜ் இருந்தால் எண்ணாகவே கிடைக்கும். பொதுவாக டயரில் ஒன்றரை மி.மீ., அலாய் ரிம்மில் முக்கால் மி.மீ. தாண்டினால் சந்தேகப்படலாம். சரியான வரம்பு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ரிம் வரம்புக்குள் இருந்து டயர் மட்டும் உயர்ந்திருந்தால், டயரை ரிம்மிலேயே அரைவட்டம் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள். டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதும் உண்டு.

பேலன்ஸ் செய்தும் போகவில்லை என்று சொல்பவர்கள், பேலன்சிங் எப்படி நடந்தது என்பதைப் பார்த்ததுண்டா? பிக்கப் ரிம்மின் நடு ஓட்டை பெரியது. அதற்கேற்ற கோன் (சக்கரத்தை மெஷின் தண்டின் மையத்தில் நிறுத்தும் கூம்பு) இல்லாமல் ஏதோ ஒன்றை வைத்து இறுக்கினால், மெஷினில் சக்கரம் மையம் தவறி உட்காரும். மெஷின் பூஜ்யம் காட்டும், வண்டியில் உதறும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பூஜ்யம் வந்த பிறகு சக்கரத்தைக் கழற்றி, அரைவட்டம் திருப்பி மாட்டி, மறுபடி சுற்றச் சொல்லுங்கள். பூஜ்யமே வந்தால் சரி. 20, 30 கிராம் என்று புதிதாகக் காட்டினால் முதலில் செய்ததே தப்பு. டயரைப் பாரத்தோடு உருளையில் அழுத்தி அளக்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண மெஷின் எடையை மட்டும் அளக்கும். டயரின் ஒரு பகுதி மற்றதைவிட விறைப்பாக இருந்தால் அதற்குத் தெரியாது.

வெளியில் வாங்கிய ரிம்மோ ஸ்பேசரோ போட்டிருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் விளிம்பைவிடப் பெரிதாக இருந்தால், சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது நட்டுகள் மட்டுமே. அப்போது நட்டின் அடிப்பகுதியும் ரிம்மின் குழியும் ஒரே வடிவில் இருந்தாக வேண்டும். கூம்பு நட்டு கூம்புக் குழிக்கு, உருண்டை நட்டு உருண்டைக் குழிக்கு. இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் போட்டால் பல நேரம் உதறல் அன்றே நின்றுவிடும்.

மெதுவாகப் போகும்போதே வண்டி தள்ளாடுகிறது

20, 30 கி.மீ. வேகத்திலேயே முன்பக்கம் இடமும் வலமும் அசைந்து, வேகம் கூடக்கூட அது உதறலாக மாறினால் அதைப் பேலன்ஸ் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். டயருக்குள் இருக்கும் இரும்பு பெல்ட் பிரிந்திருக்கக்கூடும், அல்லது ரிம் நன்றாக வளைந்திருக்கும். தூக்கிச் சுற்றினால் பட்டன் ஓரிடத்தில் பாம்பாக நெளிவது கண்ணுக்கே தெரியும். பெல்ட் பிரிந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் கிழிந்து சிதறும். ஸ்டெப்னியை மாட்டுங்கள், அந்த டயரை மறுபடி எந்தச் சக்கரத்திலும் போடாதீர்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறுகிறது

ஸ்டியரிங் உதறினால் முன் டிஸ்க், ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் துடித்தால் பெரும்பாலும் பின் டிஸ்க் அல்லது டிரம். சறுக்கும் தரையில் திடீரென அழுத்தும்போது பெடல் படபடவென்று துடிப்பது ஏபிஎஸ் வேலை செய்வதால்தான், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று எல்லோரும் சொல்வார்கள். நடப்பது பெரும்பாலும் வேறு. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் துருவோ அழுக்கோ இருந்தால் டிஸ்க் கொஞ்சம் கோணலாக உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கி.மீ. ஓடியபின் அந்த இடம் மட்டும் மெலிந்து, டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லாமல் போகும். 0.02, 0.03 மி.மீ. வித்தியாசமே காலில் தெரியும். புது டிஸ்க் போட்டு ஆரம்பத்தில் நன்றாக இருந்து, சில மாதத்தில் உதறல் திரும்புவதற்குக் காரணம் இதுதான். டிஸ்க்கை மாற்றும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தேயுங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரே இழுப்பில் இறுக்குவது டிஸ்க்கைக் கோணலாக்கும் இன்னொரு காரணம். கடைசல் போடுவதாக இருந்தால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கிளம்பும்போது நன்றாக இருந்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியபின் உதறலும் கருகிய வாடையும் வந்தால் கேலிப்பர் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் ரிம் அருகே கையைக் கொண்டுபோனாலே ஒரு பக்கம் அனலடிக்கும். தொடாதீர்கள். ஸ்லைடு பின்கள் காய்ந்திருக்கின்றனவா, பிஸ்டன் திரும்பி உள்ளே போகிறதா, பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் ஆடுகிறது

முன்னால் ஒரே துண்டு ஆக்சில் உள்ள வண்டிகளில் வருவது இது. டெத் வாபிள் என்பார்கள். 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் பாலத்தின் இணைப்பிலோ பள்ளத்திலோ இடறும். அடுத்த நொடி இரண்டு முன்சக்கரங்களும் இடமும் வலமும் வெறித்தனமாக அடிக்கத் தொடங்கும். வேகம் குறைந்தால் ஒழிய அது நிற்காது. வந்துவிட்டால் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிக்குள் நுழைக்காதீர்கள், அடிபடும்.

இதற்கு ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பல பட்டறைகளில் நடக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். புது டேம்பர் உதறலைக் கொஞ்ச நாள் அடக்கும். அதன் பின்னால் லூசாகிக்கொண்டிருக்கும் போல்ட்டும் ஜாயிண்ட்டும் லூசாகிக்கொண்டேதான் இருக்கும்.

சரியான சோதனைக்கு வண்டியைத் தூக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில், பாரத்தோடு இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது டிராக் பார், அதாவது ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் கம்பி. அதன் முனையில் விரலை வையுங்கள், நசுங்கும் இடுக்கில் மட்டும் விரல் போகக் கூடாது. புஷ் (முனையில் இருக்கும் ரப்பர் வளையம்) நல்லதாக இருந்தால் ரப்பர் முறுகுவது மட்டும் தெரியும். போல்ட் ஓட்டை பெரிதாகியிருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'டக்' என்று விரலில் தட்டும். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருப்பதோ, பெயிண்ட் உரசிப் பளபளப்பதோ அதே செய்தியைத்தான் சொல்கிறது. ஓட்டை நீள்வட்டமாகிவிட்டால் போல்ட்டை இறுக்கிப் பயனில்லை. பிராக்கெட்டையே சரிசெய்ய வேண்டும்.

அப்படியே டை ராட் எண்ட், டிராக் லிங்க், பிட்மேன் ஆர்ம், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டுகள், கண்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் என்று போங்கள். வண்டியை உயர்த்தியிருந்தால் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கும், அதையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஜாயிண்ட் போனதால் வருவதைவிட, நான்கைந்து இடங்களில் இருக்கும் சின்னச் சின்ன ஆட்டங்கள் சேர்ந்து வருவதுதான் அதிகம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

தூக்கி ஆட்டிப் பார்ப்பது

ஆக்சில் எந்த வகையானாலும் இந்தச் சோதனை தேவைப்படும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான். ஒரே துண்டு ஆக்சில் என்றால் ஆக்சிலுக்கு அடியில் தூக்குங்கள். தனித்தனி சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், அந்த ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில் தூக்குங்கள். சேசிஸில் தூக்கினால் ஸ்பிரிங் பால் ஜாயிண்ட்டை அழுத்திப் பிடித்து, தேய்ந்த ஜாயிண்ட்டையும் நல்லதாகக் காட்டும்.

சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்ட்டோ ஸ்டியரிங் ரேக்கோ. கடைசியாக, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள், பால் ஜாயிண்ட்டின் மேல்கீழ் ஆட்டம் அப்போதுதான் தெரியும்.

பேரிங் உதறலைவிட இரைச்சலாகத்தான் முதலில் வெளிப்படும். ஓடும்போது இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலச்சக்கரத்துக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கப் பேரிங். வலம் வளைத்தால் கூடுகிறதென்றால் இடப்பக்கம்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் உதறுகிறது

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயிண்ட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வேகம் எடுக்கும்போது பக்கவாட்டு நடுக்கம், காலை எடுத்ததும் அமைதி என்பது அதன் குணம். முழுசாக வளைத்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து ரிம்முக்கு உள்ளே கிரீஸ் தெறித்திருந்தால் தனியாகச் சாட்சி தேவையில்லை. வண்டியை உயர்த்திய பிறகு இது தொடங்கியிருந்தால், ஜாயிண்ட் அளவுக்கு மீறிய கோணத்தில் சுற்றுகிறது. புதுசு போட்டாலும் அதே கதைதான், உயரத்தைக் குறைக்கவோ டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கவோ வேண்டும்.

முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட்டையும் பாருங்கள். கையால் முறுக்கினால் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. கப்பைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத் துருப்பொடி வந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. தேவைப்படும்போது மட்டும் முன்சக்கர இயக்கத்தைச் சேர்க்கும் வகையானால், கையேடு அனுமதித்தால் முன் ஷாஃப்ட்டையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். அதிர்வு போய்விட்டால் ஐயம் தீர்ந்தது. எந்நேரமும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் இதைக் கையேடு பார்க்காமல் செய்யாதீர்கள். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டுவிட்டு, வளைவில் வண்டி இழுத்து இழுத்துக் குதிக்கிறது என்று சொன்னால், பழுது எதுவும் இல்லை. டூ வீலுக்கு மாற்றுங்கள்.

கிளம்பும்போது 30 கி.மீ.க்குள் மட்டும், அதுவும் பாரம் இருக்கும்போது கேபின் முழுக்க நடுங்கினால் இரண்டு துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங்கைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து ஷாஃப்ட் தொங்கிக்கொண்டிருக்கும். முன்பக்கக் கோளாறு என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் இதுவும் இருக்கிறது.

நிற்கும்போதே அதிர்கிறது

இது சக்கரங்களின் வேலை இல்லை. நியூட்ரலில் ஆர்.பி.எம்.மை மெல்லக் கூட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் அதிர்ந்து அப்புறம் அடங்கினால் எஞ்சின் மவுண்டிங், வளைந்த ஃபேன் இறக்கை, கிராங்க் புல்லியின் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். ஐடிலில் தடுமாறித் தடுமாறி அதிர்ந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்து டிரைவில் போட்டால் அதிர்ந்து, நியூட்ரலில் அதிர்வு நின்றுவிட்டால் மவுண்டிங்தான் முதல் சந்தேகம்.

வேலை முடிந்த பிறகு

ஜாயிண்ட், ஆர்ம், டை ராட் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் கடைசியில்தான். ஆட்டம் இருக்கும் ஜாயிண்ட்டோடு செய்த அலைன்மென்ட் வண்டி மெஷினை விட்டு இறங்கியதும் மாறிவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்று தன் உயரத்துக்கு வந்த பிறகு இறுக்குங்கள், தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எந்நேரமும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, பலனை எழுதி வையுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.